அண்ணனுக்குக் காரணம், எனக்கு நியாயம்

மரண தண்டனை இருக்க வேண்டும் என்பவர் என் அண்ணன். கூடவே கூடாது என்பவள் நான். முப்பது ஆண்டுகளாக இந்த வழக்கு எங்களுக்குள் நடக்கிறது. அவருக்கு இப்போது 61 வயது, எனக்கு 57. அவர் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். லேத்தில் நின்று இரும்பைக் கடைந்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன்.

இவ்வளவு சொன்னதுமே உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். படித்தவள் இளகிய பக்கம் நிற்கிறாள், படிப்பை விட்டவர் கடுமையான பக்கம் நிற்கிறார், இதில் வியக்க என்ன இருக்கிறது என்று. எனக்கும் நெடுங்காலம் அப்படித்தான் தோன்றியது. தோழிகளிடம் அண்ணனைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே பதிலைச் சொல்வேன்: “அவர் சுபாவமே அப்படி. மேலே படித்திருந்தால் மாறியிருப்பார்.” என் கருத்தைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் சுபாவமும் படிப்பும் என் வாயில் வராது. நீதிமன்றங்களும் தவறு செய்யும், தூக்கிலிட்ட பிறகு தவறைத் திருத்த முடியாது, ஏழைக்கு நல்ல வழக்கறிஞர் கிடைப்பதில்லை என்று அடுக்குவேன். அவருடைய கருத்துக்குக் காரணம் இருந்தது. என்னுடைய கருத்துக்கு நியாயம் இருந்தது.

ஒருநாள் பக்கத்து அறையில் தொலைபேசியில் நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. “நான் சொல்வது தவறு என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். நான் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று நீ மற்றவர்களுக்கு விளக்குவதுதான் எனக்கு வலிக்கிறது” என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்களை வைத்துச் சரிபார்ப்பதே என் தொழில். இந்த ஒன்றை மட்டும் முப்பது ஆண்டுகளாகச் சரிபார்க்காமலே சொல்லி வந்திருக்கிறேன். சுபாவமும் படிப்பும் ஒருவருடைய அரசியலை எவ்வளவு தீர்மானிக்கின்றன என்று அதன் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் சுபாவம். உளவியலாளர்கள் மனித இயல்பை ஐந்து கூறுகளாக அளக்கிறார்கள்: புதியதற்கு இடம்கொடுக்கும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், பிறரோடு கலந்து பழகும் விருப்பம், இணங்கிப் போகும் தன்மை, எளிதில் கலங்கும் தன்மை. இவற்றில் முதல் இரண்டுதான் அரசியலோடு திரும்பத் திரும்பத் தொடர்பு காட்டுகின்றன. புதியதை நாடுபவர்கள் சற்றே இடதுபக்கமும், ஒழுங்கை விரும்புபவர்கள் சற்றே வலதுபக்கமும், அதாவது பழமைவாதத்தின் பக்கமும், சாய்கிறார்கள். 2012இல் சிப்லி, ஆஸ்போர்ன், டக்கிட் ஆகிய மூவர் 73 ஆய்வுகளை, மொத்தம் 71,895 பேருடைய விடைகளை, ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டார்கள். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண் ஒட்டுறவுக் கெழு. பழமைவாதத்தோடு முதல் கூறுக்கு இருந்த கெழு மைனஸ் 0.18. இரண்டாவதற்கு 0.10.

‘சற்றே’ என்று இரண்டு முறை எழுதினேன், தெரிந்துதான் எழுதினேன். 0.18 என்றால் என்ன என்பதை வகுப்பில் விளக்குவதுபோலவே சொல்கிறேன். ஒரு கூட்டத்தைப் புதியதை நாடும் இயல்பின்படி சரிபாதியாகப் பிரியுங்கள். அதே கூட்டத்தை அரசியல் சாய்வின்படியும் சரிபாதியாகப் பிரியுங்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் 100 பேரில் 50 பேர் நீங்கள் எதிர்பார்த்த பக்கத்தில் இருப்பார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான் கிடைக்கும். மதிப்புகள் இயல்நிலைப் பரவலில், அதாவது நடுவில் பலரும் இரு ஓரங்களில் சிலருமாக, இருப்பதாகக் கொண்டால், கெழு 0.18 ஆகும்போது அந்த 50 ஏறத்தாழ 56 ஆகிறது. 0.10 என்றால் 53. இலட்சக்கணக்கானோர் வாக்களிக்கும் தேர்தலில் அந்த ஆறு பேர் பெரிய எண்தான். ஆய்வாளர்கள் அதைப் பொருட்படுத்துவது சரி. நானோ நூற்றில் ஆறு பேரைக் கூடுதலாகச் சரியாக ஊகிக்க உதவும் ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு மனிதரை முழுதாகப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்திருந்தேன்.

அதிலும் அந்தச் சிறிய செய்தியைக்கூடத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். ஐந்து கூறுகளையும் பத்தே வரிகளில் அளக்கும் வினாத்தாள் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இட வேண்டும். நாங்கள் இருவரும் அதை உட்கார்ந்து நிரப்பினோம், தனக்கு ஒன்றும் மற்றவருக்கு ஒன்றுமாக. புதிய அனுபவங்களை நாடுவது பற்றிய வரியில் நான் அண்ணனுக்கு 2 போட்டிருந்தேன். அவர் தனக்கு 6 போட்டிருந்தார். மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். பேச ஒன்றும் இல்லை. கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம் பட்டறைக்கு வந்தபோது, ஐம்பதை நெருங்கிய வயதில், கையேட்டையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் படித்து அதை ஓட்டக் கற்றவர் அவர். எந்தப் பொருளையும் பிரித்து, அது எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. எனக்கோ மேசையில் பேனா இடம் மாறியிருந்தால்கூட வேலை ஓடாது. பாடக் குறிப்புகளை 25 ஆண்டுகளாக ஒரே வரிசையில்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். ஆய்வுகளை மட்டும் நம்பினால் எங்கள் இருவரில் வலதுபக்கம் சாய்ந்திருக்க வேண்டியவள் நான். நடந்தது என்ன என்று இப்போது புரிகிறது. அவருடைய அரசியலைப் பார்த்து அவருடைய சுபாவத்தை ஊகித்தேன். பிறகு அந்தச் சுபாவத்தைக் காட்டி அவருடைய அரசியலை விளக்கினேன்.

ஆய்வு உலகத்திலும் இப்படித் தலைகீழாகப் பிடித்த வரலாறு உண்டு. 2012இல் அமெரிக்காவின் முன்னணி அரசியல் அறிவியல் இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, முரட்டுத்தனமும் அதிகார விருப்பும் கலந்த ஒரு குணக்கூறு பழமைவாதிகளிடம் மிகுதி என்றது. 2016இல் திருத்தம் வந்தது: தரவுக் கோப்பில் அரசியல் விடைகளின் குறியீடு மாறிக் கிடந்ததால், ஒரு பக்கத்தைப் பற்றிச் சொன்னது அப்படியே எதிர்ப்பக்கத்துக்கு உரியதாகிவிட்டது. கட்டுரையின் மைய வாதத்தை அது பாதிக்கவில்லை என்று ஆசிரியர்கள் கூறினார்கள். என்னை உறுத்தியது அந்த நான்கு ஆண்டுகள்தான். படித்தவர்களில் பலருக்கு அந்த முடிவு வியப்பளிக்கவில்லை, அதனால்தான் தோண்டிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அண்ணனைப் பற்றிய என் பேச்சும் என் தோழிகள் யாருக்கும் வியப்பளித்ததில்லை.

2008இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்றும் பலர் வாயில் புழங்கியது. அச்சமூட்டும் படங்களைக் காட்டும்போதும் திடீரென்று பெரும் ஓசை எழுப்பும்போதும் பழமைவாதிகளின் உடல் அதிகமாக அதிர்கிறது என்றது அது. 46 பேரை வைத்துச் செய்தது. 2020இல் வேறொரு குழு 202 பேரை வைத்து அதே முறையில் செய்து பார்த்தது; அப்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை. நானும் அந்த முதல் ஆய்வை ஒரு சொற்பொழிவில் எடுத்துக் காட்டியிருக்கிறேன். இரண்டாவது வந்ததை இப்போதுதான் அறிந்தேன்.

இந்தத் துறையின் தொடக்கத்திலேயே சுபாவமும் படிப்பும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. 1950இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் அடோர்னோவும் மூன்று ஆய்வாளர்களும் அதிகாரத்துக்கு அடங்கி, பிறரை அடக்க விரும்பும் மனப்பாங்கை அளக்க ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். நாஜிக் கொடுமையைப் பார்த்த தலைமுறையின் கேள்வி அது. அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் வரிகள் எல்லாம் ஒரே திசையில் எழுதப்பட்டிருந்தன. ‘ஆம்’ என்று எதற்கு விடை சொன்னாலும் அதிகார மனப்பாங்கின் கணக்கில் சேரும். குறைவாகப் படித்தவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள். 1954இல் ஹைமனும் ஷீட்ஸ்லியும் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள்: நீங்கள் ஆழ்மனத்தை அளக்கவில்லை, பள்ளிப் படிப்பைத்தான் அளந்திருக்கிறீர்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

இதைப் படித்தபோது என் மாணவப் பருவம் நினைவுக்கு வந்தது. முதுகலை படிக்கும்போது கருத்துக்கணிப்புத் தாள்களோடு வீடு வீடாகப் போயிருக்கிறேன். அந்தத் தாளில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வரிகள் இருந்தன. விடை சொல்பவர் கவனிக்கிறாரா என்று பார்க்க வைத்தவை. முதிய பெரியவர் ஒருவர் இரண்டுக்கும் “ஆமாம் அம்மா” என்றார். நான் அதைத் தரமற்ற தாள் என்று ஒதுக்கினேன். அவருக்குக் கருத்து இல்லாமல் இல்லை. தாளும் பேனாவும் பிடித்து வாசலில் நின்ற ஒரு பெண்ணை மறுத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. மறுத்துப் பேசலாம் என்ற துணிச்சலைத்தான் பள்ளியும் கல்லூரியும் எனக்குக் கொடுத்தன. அது பெரிய கொடை. அந்தக் கொடை கிடைக்காதவரின் மரியாதையை அடிமைக்குணம் என்று எழுதி வைப்பதை மட்டும் என்னால் இப்போது ஏற்க முடியவில்லை.

இடது, வலது என்ற பெயர்களும் இயல்போடு ஒட்டி நிற்பவை அல்ல. என் அண்ணன் கடும் தண்டனையை ஆதரிப்பவர். குடும்பம், கட்டுப்பாடு என்று பேசுபவர். அதே மனிதர் தொழிலாளர் சங்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். நோயாளியிடம் மருத்துவத்துக்குப் பணம் வாங்கக் கூடாது என்பார். பணக்காரரிடம் இன்னும் வரி வாங்கச் சொல்வார். அவரை எந்தப் பெட்டியில் போடுவது? 2014இல் மால்காவும் அவருடன் பணியாற்றியவர்களும் 51 நாடுகளின் தரவைப் பார்த்தபோது இதைத்தான் கண்டார்கள். பாதுகாப்பையும் உறுதியையும் நாடும் மனம் பண்பாட்டு விஷயங்களில் வலதுபக்கம் சாய்கிறது. பொருளாதாரத்தில் பெரும்பாலும் இடதுபக்கம், அரசின் ஆதரவை நோக்கிச் சாய்கிறது. நிச்சயமற்ற வாழ்க்கையை அஞ்சுபவர், வேலை போனால் தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்று கேட்பதில் என்ன முரண்? சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டுகளில் அதிகாரத்தை வணங்கும் மனப்பாங்கை அளந்த மக்ஃபார்லண்ட் குழுவினர், அந்த மனப்பாங்கு உள்ளவர்கள் பொதுவுடைமை ஆட்சியின் பக்கம் நின்றதைப் பார்த்தார்கள். அதே இயல்பு அமெரிக்காவில் முதலாளித்துவத்தின் பக்கம் நின்றது. எது நிலைபெற்றிருந்ததோ அதைப் பற்றிக்கொண்டது.

படிப்பின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் என் வாழ்நாளை அதில் செலவிட்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள பென்னிங்டன் மகளிர் கல்லூரியில் 1935 முதல் 1939 வரை சமூக உளவியலாளர் தியோடர் நியூகோம் செய்த ஆய்வு ஆசிரியர்களுக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மாணவிகள் பெரும்பாலும் வசதியான, பழமைவாதக் குடும்பத்துப் பெண்கள். ஆசிரியர்கள் அதிபர் ரூஸ்வெல்ட்டின் சீர்திருத்தங்களை ஆதரித்தவர்கள். 1936 அதிபர் தேர்தலின்போது, முதலாண்டு மாணவிகளில் 62 விழுக்காட்டினர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டனை விரும்பினார்கள். இரண்டாம் ஆண்டில் 43 விழுக்காட்டினர். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் 15 விழுக்காட்டினர் மட்டுமே. இதைக் கேட்ட எந்த ஆசிரியருக்கும் பெருமையாக இருக்கும். நியூகோம் அதோடு நிற்கவில்லை. யார் மாறினார்கள், யார் மாறவில்லை என்று பார்த்தார். கல்லூரிச் சமூகத்தில் இடம்பிடிக்க விரும்பிய பெண்கள் மாறினார்கள். மனத்தளவில் வீட்டோடு கட்டுண்டவர்கள் மாறவில்லை. பாடத்தைக் காட்டிலும் தோழமைதான் அதிகம் வேலை செய்தது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து அதே பெண்களைத் தேடிப் போனபோது, பெரும்பாலோர் மாறிய இடத்திலேயே நின்றார்கள். ஒத்த கருத்துள்ள கணவரையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மரண தண்டனையை எதிர்க்கத் தொடங்கியது விடுதி அறையில். எந்தப் பேராசிரியரும் எனக்கு அதைக் கற்பிக்கவில்லை. நான் மிகவும் மதித்த, என்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு தோழி அதை எதிர்த்தாள். அவளோடு மாடிப்படியில் உட்கார்ந்து பேசிய மாலைகள் எனக்கு வேண்டியிருந்தன. வாதங்களைப் பிறகுதான் படித்தேன். இதனால் அந்த வாதங்கள் பொய்யாகிவிடவில்லை, இன்றும் அவற்றை நம்புகிறேன். ஆனால் அதே வயதில் அண்ணனுக்கு அமைந்த மாலைகள் பட்டறையில், வேறு மனிதர்களோடு. அவர் கருத்து அங்கே உருவானதைக் ‘காரணம்’ என்று சொன்ன நான், என்னுடையது விடுதியில் உருவானதை எப்படி ‘நியாயம்’ என்று சொல்ல முடியும்?

படிப்பு ஒரே திசையில்தான் தள்ளும் என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. கெதின், மார்த்தினெஸ்-தொலெதானோ, பிக்கெட்டி ஆகியோர் 21 மேலை மக்களாட்சிகளில் 1948 முதல் 2020 வரையிலான தேர்தல் கருத்தாய்வுகளைத் திரட்டினார்கள். 1950களிலும் 60களிலும் உயர்கல்வி பெற்றவர்கள் வலதுசாரிக் கட்சிகளுக்கே அதிகம் வாக்களித்தார்கள். குறைவாகப் படித்தவர்கள் இடதுசாரிகளின் பக்கம் இருந்தார்கள். மெல்ல மெல்ல அது புரண்டு, இப்போது படித்தவர்கள் இடதுபக்கம் அதிகம். பணக்காரர்கள் மட்டும் இன்னும் பெரும்பாலும் வலதுபக்கமே. பட்டம் உண்மையைக் காட்டும் விளக்கு என்றால், அந்த விளக்கு எழுபது ஆண்டுகளில் இடம் மாறி நிற்கக் கூடாதல்லவா? மாறியது பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கை, அவர்கள் யார் என்பது, கட்சிகள் எதைப் பேசின என்பது.

கல்விக்கு விளைவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயப் பள்ளிக் கல்வியின் ஆண்டுகளை நீட்டிய மேற்கு ஐரோப்பிய நாடுகளில், அந்தக் கூடுதல் படிப்பைப் பெற்றவர்களிடம் குடியேறிகள் மீதான வெறுப்பு குறைந்திருந்ததை கவாயேவும் மார்ஷலும் 2019இல் காட்டினார்கள். சட்டம் மாறிய ஆண்டுக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டதால் அந்த முடிவை நம்புகிறேன். மறுபுறம், சுவிட்சர்லாந்தில் அதே மனிதர்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்த ஆய்வில், படிக்கும் காலத்தில் அவர்கள் கருத்து பெரிதாக மாறவில்லை; உயர்கல்விக்குப் போனவர்கள் போகும் முன்பே வேறாக இருந்தார்கள். எந்த நாடு, எந்தப் படிப்பு, எந்த வயது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. “மேலே படித்திருந்தால் மாறியிருப்பார்” என்று உறுதியாகச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

என்னை உண்மையில் உலுக்கியது ஒரு சிறிய அட்டவணை. அமெரிக்க ஆய்வாளர் டான் கஹானும் அவர் குழுவினரும் 1,111 பேருக்குக் கொடுத்தது. புதிய தோல் களிம்பைப் பூசியவர்களில் 223 பேருக்குக் குணமானது, 75 பேருக்கு மோசமானது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குணமானது, 21 பேருக்கு மோசமானது. களிம்பு உதவியதா? 223 என்ற பெரிய எண்ணைப் பார்த்ததும் பலர் உதவியது என்பார்கள். என் வகுப்பிலும் ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான்.

அண்ணன் வந்திருந்தபோது அதை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “இந்தப் பக்கம் மூன்றுக்கு ஒன்று. அந்தப் பக்கம் ஐந்துக்கு ஒன்று. பூசாதவனே நன்றாக இருக்கிறான்” என்றார். பல்சக்கரங்களின் விகிதம் பார்த்தே நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். எண்களின் அளவை அவர் பார்க்கவே இல்லை, நேராக விகிதத்துக்குப் போய்விட்டார். மேலே படித்திருந்தால் என்று நான் சொல்லி வந்த மனிதர்.

அதே எண்களைத் துப்பாக்கித் தடை பற்றியதாக மாற்றிக் கொடுத்தபோது என்ன நடந்தது என்று அவரிடம் சொன்னேன். தடை போட்ட நகரங்கள், போடாத நகரங்கள், குற்றம் குறைந்தது, கூடியது. கணக்கில் கெட்டிக்காரர்கள், விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தால் கண்டுபிடித்தார்கள். பாதகமாக இருந்தால் தவறவிட்டார்கள். இரு தரப்புக்கும் இடையிலான பிளவு, கணக்குத் தெரியாதவர்களைக் காட்டிலும் தெரிந்தவர்களிடம்தான் பெரிதாக இருந்தது. அண்ணன் தாளை மடித்து மேசைமேல் வைத்தார். “இதையே தூக்குத் தண்டனை பற்றிப் போட்டிருந்தால் உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?” என்று கேட்டார்.

நான் எழுந்து போய் என் கோப்பை எடுத்து வந்தேன். மரண தண்டனை பற்றிப் பல ஆண்டுகளாகச் சேர்த்த கட்டுரைகள். தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்று சொன்ன கட்டுரைகளின் ஓரமெல்லாம் என் சிவப்பு மை: மாதிரி சிறியது, இந்த மாறி விடுபட்டது, இந்த அனுமானம் செல்லாது. குறைக்கவில்லை என்ற கட்டுரைகளின் ஓரம் வெள்ளையாகவே இருந்தது. ஒரு கேள்விக்குறிகூட இல்லை. 1979இல் ஸ்டான்ஃபோர்டில் லார்ட், ராஸ், லெப்பர் ஆகியோர் இதே பொருளை வைத்துத்தான் சோதித்தார்கள். மரண தண்டனையை ஆதரித்த 24 மாணவர்கள், எதிர்த்த 24 மாணவர்கள். இருதரப்புக்கும் கற்பனையாக எழுதிய இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். ஒன்று ஒரு பக்கம், இன்னொன்று மறுபக்கம். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஆய்வையே திறமானது என்றார்கள்; படித்து முடித்தபோது முன்பைவிடத் தம் கருத்தில் உறுதியாகிவிட்டதாகச் சொன்னார்கள். வகுப்பில் இந்த ஆய்வைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். என் கோப்பு அதே அலமாரியில் இருந்தது.

அந்த வெள்ளை ஓரங்களை நான் மூன்று வாரம் உட்கார்ந்து சிவப்பாக்கினேன். குறைகள் இருந்தன, நிறையவே. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு 2012இலேயே இதைச் சொல்லியிருக்கிறது: மரண தண்டனை கொலையைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்பதற்கு அதுவரை வந்த ஆய்வுகள் விடை தரவில்லை, அவற்றை வைத்துக் கொள்கை வகுக்கக் கூடாது என்று. என் கையிலிருந்த எண்களும் போயின, அண்ணன் கையிலிருந்தவையும் போயின.

எண்கள் போன பிறகுதான் நாங்கள் உண்மையாகப் பேசத் தொடங்கினோம். அண்ணன் படிப்பை விட்ட கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் பேசியதில்லை. வகுப்பில் திரட்டிய கட்டணப் பணம் காணாமல் போனது. எடுத்தது அவர் இல்லை. எல்லோர் முன்னிலையிலும் ஓர் ஆசிரியர் அவரைப் பிரம்பால் அடித்தார். மறுநாள் முதல் அவர் பள்ளிக்குப் போகவில்லை. கீழ் வகுப்பில் படித்த நான் சன்னல் வழியாக அதைப் பார்த்தேன். குற்றமற்றவனைத் தண்டித்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது என்று நான் மேடையில் பேசும்போதெல்லாம் என் கண்முன் நிற்பது எந்த வழக்கும் இல்லை, அந்தச் சன்னல்தான். இதை அவரிடம் முதன்முறையாகச் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எடுத்தவன் யாரென்று அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவனுக்கும் ஒன்றும் நடக்கவில்லை, என்னை அடித்தவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. செய்தவனுக்குத் தண்டனை கிடைக்காத இடத்தில் வாழ்வது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது” என்றார்.

நாங்கள் இருவரும் இன்னும் அவரவர் பக்கத்தில்தான் இருக்கிறோம். போன மாதம் அவர் ஒரு யோசனை சொன்னார். நான் அவருடைய வாதத்தை எழுத வேண்டும், அவர் என்னுடையதை எழுத வேண்டும். படிப்பவர் ‘ஆம், இதுதான் நான் சொல்வது’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சுபாவம், வளர்ப்பு, படிப்பு என்ற சொற்களை இருவரும் பயன்படுத்தக் கூடாது. அவர் தன் தாளை அனுப்பிவிட்டார். ஆறு வரிகள், மூன்று எழுத்துப் பிழைகள். நான் முப்பது ஆண்டுகளாகச் சொல்ல முயன்றது அதில் என்னைவிடத் தெளிவாக இருக்கிறது.

என்னுடைய தாளில் மூன்று வரிகள் ஆகியிருக்கின்றன. நான்காவதை நேற்றிரவும் அடித்துவிட்டேன்.